பெயரை மட்டும் பார்த்து செக் பாஸ் பண்ணக் கூடாது

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த அஜெண்டா லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம். அதனால் என் பேச்சு கொஞ்சம் நீண்டாலும் பொருளாளர் வருத்தப்பட மாட்டார் என்று நினைக்கிறேன்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த பட்டிமன்றத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இன்னும் கடைக்கே வராத ஒரு மடிக்கிற போனுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதுதான் தலைப்பு. ஏ பிளாக் ஒரு பெயர் சொன்னது, சி பிளாக் வேறொரு பெயர் சொன்னது. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பது நமக்குப் புதிதில்லை. அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, நான் அதைக் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தப் பேச்சின் நடுவே ஒரு லிங்க் வந்தது. நாம் ஊகித்த பெயர்களில் ஒன்றை அப்படியே தலைப்பில் போட்டு, அழகான படமும் போட்டு, "முன்பதிவுக்கு 2,000 ரூபாய் மட்டும்" என்று இருந்தது. ஒரு வீட்டில் பணம் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் மூன்று நாளில் காணாமல் போய்விட்டது. யார் வீடு என்று சொல்லப்போவதில்லை. "மற்றவர்களுக்காவது சொல்லுங்கள் சார்" என்று அவர்களே கேட்டுக்கொண்டதால்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுத்தேன்.

முப்பத்தைந்து வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். எங்கள் கிளையில் ஒரே பெயர், ஒரே இனிஷியல், நாலைந்து கணக்கு இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலதிகாரி சொல்லிக்கொடுத்தது, பெயரை மட்டும் பார்த்து செக் பாஸ் பண்ணக் கூடாது. கணக்கு எண்ணைப் பார், லெட்ஜரைப் பார், மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார், அப்புறம் பணம் கொடு. வெளிவராத போன் விஷயத்திலும் இதே சட்டம்தான் என்பதற்கு ஒரு உண்மைக் கதை சொல்கிறேன்.

2009-ஆம் வருஷக் கடைசி. அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவரப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நிறுவனம் வாயே திறக்கவில்லை. பொருளை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் பெயர் மட்டும் தயார். ஐடேப்லெட் என்றார்கள் சிலர். ஐஸ்லேட் என்றார்கள் பலர். ஸ்லேட் என்றால் நாம் பல்பம் வைத்து எழுதினோமே, அதே சிலேட்டுதான்.

ஐஸ்லேட் என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. பதிவேட்டைப் புரட்டிவிட்டுத்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் வணிகப் பெயர்களைப் பதிவு செய்ய அரசு அலுவலகம் இருக்கிறது. அங்கே வரும் விண்ணப்பங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். "ஸ்லேட் கம்ப்யூட்டிங்" என்று யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனி, ஐஸ்லேட் என்ற பெயருக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவரின் பெயரும், ஆப்பிளில் வணிகப் பெயர்களைக் கவனிக்கும் அதிகாரி ஒருவரின் பெயரும் ஒன்றாக இருந்ததைப் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கையெழுத்து பார்த்தே காலம் தள்ளிய என்னைப் போன்றவனுக்கு இதைக் கேட்டால் எவ்வளவு சந்தோஷம் பாருங்கள்!

அதே சமயத்தில் இன்னொரு பெயர் தெரியாத கம்பெனி, ஐபேட் என்ற பெயருக்குப் பல நாடுகளில் விண்ணப்பம் போட்டிருந்தது. அந்தக் கம்பெனியின் பெயர் "ஐபி அப்ளிகேஷன் டெவலப்மென்ட்". அதன் ஆங்கில முதல் எழுத்துகளை வரிசையாகச் சேர்த்துப் படியுங்கள். ஐ, பி, ஏ, டி. ஐபேட்!

2010 ஜனவரி 27. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, பெயர் ஐபேட் என்று அறிவித்தார். ஐஸ்லேட் காரர்கள் தோற்றார்கள். அது மட்டுமா? விலை 1,000 டாலரை ஒட்டி இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆரம்ப விலை 499 டாலர் என்று சொல்லிவிட்டார். பெயரும் தப்பு, விலையும் தப்பு. இத்தனைக்கும் அவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊகித்தவர்கள். முன்பதிவு லிங்க் அனுப்புகிறவனுக்கு அதைவிட அதிகமாகத் தெரியும் என்று நாம் நம்பலாமா?

"பதிவேட்டில் இருந்த பெயர் எப்படித் தப்பாகும்?" என்று நீங்கள் கேட்கலாம். நிறுவனங்கள் இரண்டு மூன்று பெயர்களைக் கையில் வைத்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு இரண்டு மண்டபத்தைப் பேசி வைப்பதுபோல. ஆப்பிள் 2013-இல் ஜப்பானில் ஐவாட்ச் என்ற பெயருக்குத் தன் சொந்தப் பெயரிலேயே விண்ணப்பித்தது. உலகமே ஐவாட்ச் என்று முடிவு கட்டிவிட்டது. 2014 செப்டம்பரில் அறிவித்தபோது பெயர் ஆப்பிள் வாட்ச். பதிவேட்டில் பெயர் இருந்தால், அந்தப் பெயர் யார் கையில் இருக்கிறது என்றுதான் தெரியும். அந்தப் பெயரில் பொருள் வரும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

ஒளித்து வைக்கவும் வழி இருக்கிறது. 1883-இல் போட்ட பாரிஸ் உடன்படிக்கை என்று ஒன்று. ஒரு உறுப்பு நாட்டில் பெயருக்கு விண்ணப்பித்தால், ஆறு மாதத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பித்தாலும் முதல் நாட்டுத் தேதியே செல்லும். அதனால் ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் ஜமைக்கா, டிரினிடாட் மாதிரி கரீபியன் தீவு நாடுகளில் முதலில் விண்ணப்பம் போடும். அங்கே உள்ள பதிவேட்டை வீட்டிலிருந்தபடி இணையத்தில் எளிதாகத் தேடிப் பார்க்க முடியாமல் இருந்ததுதான் வசதி. ஆறு மாதம் ரகசியமும் காப்பாற்றப்படும், தேதியும் காப்பாற்றப்படும்.

ஒரு பெயருக்காக ஏன் இவ்வளவு பாடு? நாங்கள் பி.காம். படித்தபோது "குட்வில்" என்று ஒரு பாடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஐந்தொகையில் கட்டிடம், இயந்திரம் இருக்கும் அதே சொத்துப் பக்கத்தில் இதற்கும் இடம் உண்டு. பெயரும் அப்படிப்பட்ட சொத்துதான். சொத்து என்றால் உரிமையாளர் இருப்பார், தகராறு இருக்கும், வழக்கு இருக்கும்.

ஐபோன் கதையைப் பாருங்கள். 2007 ஜனவரி 9-ஆம் தேதி ஜாப்ஸ் ஐபோன் என்று அறிவிக்கிறார். மறுநாளே சிஸ்கோ என்ற நிறுவனம் கோர்ட்டுக்குப் போகிறது. ஏனென்றால் ஐபோன் என்ற பெயர் அமெரிக்கப் பதிவேட்டில் சிஸ்கோவிடம் இருந்தது. 2000-இல் அவர்கள் வாங்கிய ஒரு சின்னக் கம்பெனியோடு சேர்ந்து வந்த பெயர் அது. முந்தைய மாதம்தான் அந்தப் பெயரில் சிஸ்கோவே போனும் விற்க ஆரம்பித்திருந்தது. பிப்ரவரியில் இரண்டு பேரும் பெயரைப் பயன்படுத்தலாம் என்று சமாதானமாகப் போனார்கள். உலகம் இன்றைக்கு ஒருவரை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறது.

ஐபேட் பெயரும் சும்மா கிடைக்கவில்லை. ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனம் 2002-லேயே ஐபேட் என்ற பெயரில், கடைகளில் சரக்கு இருப்பு பார்க்கும் கைக்கருவி ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. ஆப்பிள் மேடையில் அறிவித்து, அதன் பிறகு 2010 மார்ச்சில்தான் அமெரிக்காவில் அந்தப் பெயருக்கான ஃபுஜிட்சுவின் உரிமை ஆப்பிள் கைக்கு மாறியது.

பெரிய அடி சீனாவில் விழுந்தது. புரோவியூ என்று கம்ப்யூட்டர் திரை தயாரிக்கிற ஒரு நிறுவனம். அதன் தைவான் கிளை பல நாடுகளில் ஐபேட் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்தது. முன்னே சொன்னேனே, முதல் எழுத்துகளில் ஐபேட் ஒளிந்திருந்த கம்பெனி, அதே பெயரில் இங்கிலாந்தில் ஒன்று போய், 2009-இல் அந்த உரிமைகளை வாங்கியது. விலை 35,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் 55,000 டாலர். வாங்கியவர் ஆப்பிளின் ஆள் என்று விற்றவருக்குத் தெரியாது.

ஆனால் சீனாவுக்கான பதிவு மட்டும் தைவான் கிளையின் பெயரில் இல்லை. ஷென்ஜென் நகரத்தில் இருந்த இன்னொரு கிளையின் பெயரில் இருந்தது. வீட்டை அண்ணனிடம் கிரயம் வாங்கிவிட்டு, பத்திரத்தைப் பார்த்தால் சமையலறை மட்டும் தம்பி பெயரில் இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? அதே கதை. ஷென்ஜென் நீதிமன்றம் ஆப்பிளின் கோரிக்கையைத் தள்ளியது. 2012 தொடக்கத்தில் சில ஊர்களில் கடைகளிலிருந்து ஐபேடை அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். கடைசியில் 2012 ஜூலையில் 6 கோடி டாலர் கொடுத்து ஆப்பிள் சமரசம் செய்துகொண்டது. 55,000 எங்கே, 6 கோடி எங்கே! ஆயிரம் மடங்குக்கும் மேல். உலகத்திலேயே பெரிய வக்கீல்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே, பெயர் யார் கணக்கில் இருக்கிறது என்ற கேள்வி இவ்வளவு செலவு வைத்தது.

சரி, நமக்கு என்ன? மூன்று விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது, நிறுவனம் தானே அறிவிக்காத எந்தப் பொருளுக்கும் முன்பதிவு என்று ஒன்று கிடையாது. பெயரே தெரியாத பொருளுக்கு யார் ரசீது கொடுப்பார்கள்? குழுவில் ஊகியுங்கள், பந்தயம் கட்டுங்கள், தோற்றவர் எல்லோருக்கும் பில்டர் காபி வாங்கித் தரட்டும். ஆனால் லிங்க் வந்தால் அந்த லிங்கைத் தொடாதீர்கள். நிறுவனத்தின் பெயரை நீங்களே டைப் செய்து அதன் சொந்தத் தளத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

இரண்டாவது, யூபிஐயில் பணம் அனுப்பும்போது பின் நம்பர் போடுவதற்கு முன்னால் திரையில் ஒரு பெயர் வரும். வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும் பெயர் அது. அதுதான் உங்கள் லெட்ஜர். பெரிய போன் கம்பெனி என்று விளம்பரம் இருக்கிறது, திரையில் யாரோ ஒரு தனிநபர் பெயர் வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு வரியை அந்த வீட்டில் படித்திருந்தால் 2,000 ரூபாய் மிச்சம். அதையும் மீறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான அரசு எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, நம் குடியிருப்பிலேயே வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் நம் பொங்கல் விழா ஸ்டாலில் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. ஆசையாக ஒரு பெயர் வைத்து லேபிள் அடித்திருக்கிறீர்கள். அம்மா, அந்தப் பெயர் யார் கணக்கில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? நம் நாட்டின் வணிகப் பெயர்ப் பதிவேட்டையும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பொருள்களையும் சேவைகளையும் 45 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஊறுகாய் 29, மசாலாப் பொடி 30. தனிநபர் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு கிடைத்தால் பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். அலுவலகம் சென்னையிலேயே கிண்டியில் இருக்கிறது. இன்றைக்கு அது உங்கள் ஸ்டால் பெயர். நாளைக்குக் கடை கடையாகப் போகும்போது அதுவே உங்கள் சொத்து. இன்னொருவர் முந்திக்கொண்டால், அடித்த லேபிளையெல்லாம் தூக்கிப்போட வேண்டியதாகிவிடும்.

தேடிப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு நான் உதவுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு கிளப் ஹவுஸில் இருப்பேன். உங்கள் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். சேர்ந்து தேடுவோம். பின்வரிசை இளைஞர்கள் இரண்டு பேர் லேப்டாப்போடு வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

மடிக்கிற போனின் பெயர் பற்றி என் ஊகம் என்ன என்று காலையில் வாக்கிங்கில் ஒருவர் கேட்டார். அது எதுவானாலும் சரி, நான் ரசீது பார்த்துத்தான் பணம் கொடுப்பேன். இப்போது லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பொருளாளர் பேசுவார்.