வாங்கு: ஒலி ஒன்று, பிறப்பு மூன்று



'வாங்கு' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனத்தில் எழுவது யாது? சந்தைக்குச் செல்பவருக்கு அது பொருள் கொள்ளும் வினை. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாலைந்து பேர் சேர்ந்திருக்கும் நீண்ட இருக்கை. முஸ்லிம் மக்களுக்குப் பள்ளிவாசலில் எழும் தொழுகை அழைப்பு. ஒலி ஒன்று, பிறப்போ மூன்று.

வினைச்சொல் நமது முதுசொம். வளைதல், வளைத்தல் என்னும் பொருள்களில் சங்கப் புலவர் அதனை ஆண்டனர். பெறுதல், விலைக்குக் கொள்ளுதல் என்பனவும் அதன் பொருள்களே. கன்னடத்தில் வளைதலைக் குறிக்கும் 'பாகு' இதன் உடன்பிறப்பு. தமிழ் வகரம் அங்கே பகரமாவது ஒழுங்கான மாற்றம்: நமது 'வா' அங்கே 'பா', நமது 'வேர்' அங்கே 'பேரு'.

இருக்கையைக் குறிக்கும் வாங்கு, போர்த்துக்கேயரின் 'பாங்கோ'. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள் 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி போயிற்று, மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு என்பன நம் வீட்டில் நிலைத்தன. சிங்களத்தில் இதுவே 'பங்குவ'.

தொழுகை அழைப்போ, குரல் எனப் பொருள்படும் பாரசீகப் 'பாங்' என்பதன் வழி வந்தது. பாங்கு எனவும் அதனை வழங்குவர்.

இனி, 'பணம் வாங்கும் இடம் ஆதலால் வங்கி' என ஒருவர் விளக்கம் கூறினால் செவிக்கு இனிக்கும். ஆயினும் உண்மை வேறு. வங்கி, ஆங்கில 'பாங்க்' என்பதன் தமிழ் வடிவம். ஆங்கிலச் சொல்லுக்கு மூலம், இத்தாலிய நாணயமாற்று வணிகர் காசு பரப்பிய பலகையின் பெயர். அப்பெயரும் போர்த்துக்கேயப் 'பாங்கோ'வும் ஆங்கில 'பெஞ்ச்' என்பதும் ஒரே ஜெர்மானிய வேரின் கிளைகள். ஆகவே வங்கிக்கு உறவு நமது வினைச்சொல் அன்று, வகுப்பறை வாங்கே!

ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. ஒழுங்கான ஒலிமாற்றமும் சொல் வந்த வரலாறும் வேண்டும். இவையின்றி, உலகச் சொற்கள் யாவும் தமிழே எனச் சாதிப்போர் தமிழுக்குப் பெருமை தேடவில்லை. பொய்ச்சாட்சி மெய்யான வழக்கையும் கெடுக்கும். நமது மொழியின் தொன்மை மெய்யான வழக்கு. அதற்குப் பொய்ச்சாட்சி எதற்கு?