குளத்தில் இறங்கிய விருந்தாளி



இன்று உங்களுக்கு ஒரு சினிமாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நானும் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. ஏன் தெரியுமா? அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ஆனாலும் உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள். அதன் கதை கொல்கத்தா நகரில் எழுதப்பட்டது. முன்பு கல்கத்தா என்று சொன்னோமே, அதே ஊர்தான்.

நாம் இரவில் வானத்தைப் பார்க்கிறோம். நட்சத்திரங்கள் மின்னுகின்றன. அங்கே நம்மைப் போல யாராவது இருப்பார்களா? இருந்தால் இங்கே வருவார்களா? வந்தால் நல்லது செய்வார்களா, கெட்டது செய்வார்களா? இந்தக் கேள்வியிலிருந்து பல கதைகள் பிறந்தன.

அவற்றில் மிகவும் புகழ் பெற்ற கதையை எழுதியவர் எச்.ஜி. வெல்ஸ். இங்கிலாந்து நாட்டுக்காரர். 1866-ல் பிறந்தார். அப்பா சிறிய பீங்கான் கடை வைத்திருந்தார். கடை சரியாக ஓடவில்லை. அம்மா ஒரு பணக்காரர் மாளிகையில் வேலைக்குப் போனார். சிறு வயதில் வெல்ஸுக்குக் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த பையனுக்கு அப்பா நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தார். பையனைப் படிப்பு பிடித்துக்கொண்டது. பிறகு அவரை ஒரு துணிக்கடையில் வேலைக்கு விட்டார்கள். காலை முதல் இரவு வரை வேலை. அதை விட்டுவிட்டு, உதவித்தொகை பெற்று லண்டனில் அறிவியல் படித்தார்.

1898-ல் அவருடைய 'உலகங்களின் போர்' புத்தகமாக வந்தது. செவ்வாய் கிரகத்திலிருந்து சிலர் பூமிக்கு வருகிறார்கள். பெரிய இயந்திரங்களில் ஏறி நடக்கிறார்கள். ஊர்களை எரிக்கிறார்கள். பீரங்கியாலும் அவர்களைத் தடுக்க முடியவில்லை. கடைசியில் அவர்களைக் கொன்றது எது? கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்!

அந்தக் காலத்தில் இங்கிலாந்து பல நாடுகளைப் பிடித்து ஆண்டது. நம் நாட்டையும் ஆண்டது. அந்த ஆட்சிக்கு இங்கே தலைநகரம் கல்கத்தாதான். நாம் பிறருக்குச் செய்வதை, நம்மைவிடப் பலசாலி வந்து நமக்குச் செய்தால் எப்படி இருக்கும்? தன் நாட்டு மக்களை வெல்ஸ் இப்படி யோசிக்க வைத்தார்.

இந்தக் கதை 1938-ல் அமெரிக்க வானொலியில் நாடகமாக வந்தது. உண்மைச் செய்தி என்று நம்பிச் சிலர் பயந்துபோனார்கள். 1953-ல் சினிமாவாக வந்தது. 2005-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்ற பெரிய இயக்குநர் மறுபடியும் எடுத்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இப்போது கொல்கத்தாவுக்கு வருவோம்.

சத்யஜித் ராய் 1921-ல் அங்கே பிறந்தார். அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர் 1913-ல் குழந்தைகளுக்காக 'சந்தேஷ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் செய்தி. பாலைத் திரித்துச் செய்யும் ஒரு வங்காள இனிப்புக்கும் அதே பெயர்தான். சத்யஜித்துக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை, அப்பா சுகுமார் ராய் இறந்துவிட்டார். அம்மா உறவினர் வீட்டில் இருந்து, வேலை செய்து மகனை வளர்த்தார். மகன் படித்து, விளம்பரக் கம்பெனியில் ஓவியர் ஆனார். சினிமா எடுக்க ஆசைப்பட்டார். பணம் போதவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்தார். பிறகு மேற்கு வங்க அரசு உதவியது. 1955-ல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. உலகமே பாராட்டியது.

நின்று போயிருந்த தாத்தாவின் பத்திரிகையை 1961-ல் அவர் மறுபடியும் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதில் ஒரு கதை எழுதினார். அதன் பெயர் 'பங்குபாபுவின் நண்பர்'.

பங்குபாபு ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். யாரிடமும் கோபப்பட மாட்டார். பையன்கள் கேலி செய்வார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களும் கேலி செய்வார்கள். ஒரு நாள் இரவு மூங்கில் தோப்பில் ஒரு விண்கலம் நிற்கிறது. அதிலிருந்து ஆங் என்பவர் இறங்குகிறார். அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் எரிக்கவில்லை. பங்குபாபு பார்க்க ஆசைப்பட்ட தூர தேசங்களை ஒரு குழாய் வழியாகக் காட்டுகிறார். இவ்வளவு பயந்து வாழக் கூடாது என்றும் சொல்கிறார். மறுநாள் பங்குபாபு நிமிர்ந்து நடக்கிறார். கேலி செய்தவர்களை நேருக்கு நேர் கேட்டுவிடுகிறார்.

பாருங்கள், வெல்ஸ் கதையில் வந்தவர் பகைவர். ராய் கதையில் வந்தவர் விருந்தாளி!

1967-ல் இதே எண்ணத்தை வளர்த்து, பெரிய படத்துக்குத் திரைக்கதை எழுதினார் ராய். ஒரு வங்காளக் கிராமத்தின் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. தண்ணீருக்கு மேலே அதன் நுனி மட்டும் தெரிகிறது. கோயில் முளைத்தது என்று ஊரார் கும்பிடுகிறார்கள். ஒரு வியாபாரி அங்கே பளிங்குக் கோயில் கட்டத் திட்டம் போடுகிறார். வந்த குட்டி விருந்தாளியோ விளையாட்டுப் பிள்ளை. பயிரை ஒரே இரவில் விளைய வைக்கிறது. பருவம் இல்லாத நாளில் மாமரத்தைக் காய்க்க வைக்கிறது. அதற்கு நண்பன் ஆனது யார்? ஹபா என்ற ஏழைச் சிறுவன்.

ஹாலிவுட் கம்பெனி ஒன்று படம் எடுக்க முன்வந்தது. பீட்டர் செல்லர்ஸ் என்ற பெரிய நடிகர் வியாபாரியாக நடிக்கச் சம்மதித்தார். மைக் வில்சன் என்பவர் நடுவில் நின்று ஏற்பாடு செய்தார். ராய் அமெரிக்கா போனார். அங்கே தன் திரைக்கதையின் நகல்களைப் பார்த்தார். திடுக்கிட்டார். உரிமை என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று வில்சன் பெயர். இன்னொன்று ராய் பெயர். எழுதியது தான் ஒருவர்தானே என்று மனம் கசந்தார். பிறகு செல்லர்ஸும் விலகினார். படம் நின்றுபோனது. நடந்ததை எல்லாம் 1980-ல் கொல்கத்தாப் பத்திரிகை 'ஸ்டேட்ஸ்மனி'ல் ராய் எழுதினார்.

1982-ல் 'ஈ.டி.' என்ற அமெரிக்கப் படம் வந்தது. வேற்றுலகக் குட்டி ஒன்று ஒரு சிறுவனுக்கு நண்பனாகும் கதை. இயக்கியவர் ஸ்பீல்பெர்க். தன் திரைக்கதையின் நகல்கள் அமெரிக்காவில் சுற்றி வராமல் இருந்தால் இந்தப் படம் வந்திருக்காது என்று ராய் சொன்னார். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். ராய் வழக்குப் போடவில்லை. தன் வேலையைப் பார்த்தார். 1992-ல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, அவருக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு பாரத ரத்னா விருதும் கிடைத்தது.

படம் வரவில்லை. ஆனால் கதை சாகவில்லை. சிறுவர் பத்திரிகையில் அச்சாகி இருந்ததே! பங்குபாபுவின் கதை 2006-ல் வங்காள மொழியில் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. இன்றும் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

நண்பர்களே, உலகப் புகழ் பெற்ற மனிதருக்கே ஒரு தாளில் இருந்த பெயர் இவ்வளவு வேதனை தந்தது. நாமும் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம். எந்தத் தாளையும் முழுவதும் படிப்போம். யார் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அதன் பிறகு கையெழுத்துப் போடுவோம்.

இனி நீங்கள் பேசுங்கள். நம் ஊர்க் குளத்தில் ஒரு விண்கலம் இறங்கினால் முதலில் யார் ஓடுவார்கள்? யார் கும்பிடுவார்கள்? யார் விலை பேசுவார்கள்? கிட்டே போய், 'சாப்பிட்டாயா?' என்று கேட்பவர் யார்?