சுகப்பிரசவம் யாருக்குச் சுகம்?



சுகப்பிரசவம் என்று தமிழில் வழங்கும் சொல், பிள்ளை எந்த வழியாக வெளிவந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. பெற்றவளுக்குச் சுகம் இருந்ததா என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. வயிற்றைக் கீறாமல் குழந்தை பிறந்துவிட்டால், அந்தப் பெண் இரவு முழுவதும் லேபர் வார்டில் தன்னந்தனியாகக் கிடந்திருந்தாலும், நா வறண்டு தண்ணீர் கேட்டு மறுக்கப்பட்டிருந்தாலும், வலியில் அலறியதற்காக ஏச்சும் அடியும் வாங்கியிருந்தாலும், எதற்கென்றே சொல்லப்படாத தையலோடு வீடு திரும்பியிருந்தாலும், ஊரும் உறவும் மருத்துவமனைப் பதிவேடும் அதைச் சுகப்பிரசவம் என்றே எழுதிக்கொள்கின்றன. உலக சுகாதார நிறுவனம் பிரசவ நேரப் பராமரிப்புக்காக 2018இல் வெளியிட்ட 56 பரிந்துரைகளின் தலைப்பிலேயே நல்ல பிரசவ அனுபவம் என்ற தொடரை வைத்தது, இந்த மறதியைச் சரிசெய்வதற்காகத்தான். தாயும் சேயும் பிழைத்தால் போதும் என்பதோடு நின்றுவிடாமல், உடலுக்கும் மனத்துக்கும் பாதுகாப்பான இடத்தில், திறமையும் கனிவும் உள்ள பணியாளர்கள் பார்த்துக்கொள்ள, நம்பிக்கைக்குரிய ஒருவர் விடாமல் அருகிருக்க, தன் உடம்பைப் பற்றிய முடிவுகளில் தனக்கும் சொல் உண்டு என்ற உறுதியோடு ஒரு பெண் பிள்ளை பெறுவதையே அந்த ஆவணம் பராமரிப்பின் இலக்காக வைக்கிறது.

தமிழ்நாடு இந்தத் துறையில் சாதித்தது சிறியதன்று. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடந்திருக்கின்றன. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இந்தியா முழுவதும் 97 தாய்மார்கள் இறந்தபோது, இங்கே அந்த எண்ணிக்கை 54ஆக இருந்தது. கிராமச் சுகாதாரச் செவிலியர்களும், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உழைத்துப் பெற்ற வெற்றி இது. ஆனால் இந்த வெற்றியே அரசின் பொறுப்பைப் பல மடங்கு கூட்டிவிட்டது. வீட்டில் பெறாதே, இங்கே வா என்று ஒவ்வொரு பெண்ணையும் அழைத்து வந்த பிறகு, அந்த அறைக்குள் அவளுக்கு நேரும் ஒவ்வொன்றுக்கும் அழைத்தவர்களே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

2018இல் திருப்பூரில் காணொளிகளின் துணையோடு வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று, இரத்தப்போக்கால் ஒரு தாய் உயிரிழந்ததாகச் செய்தி வந்தபோது, நாடெங்கும் எழுந்த கண்டனம் நியாயமானது; பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காமல் பெருகும் இரத்தத்தை நிறுத்த வீட்டில் வழியில்லை, அந்த வகையில் மருத்துவமனைக்கு மாற்றே கிடையாது. ஆயினும் மருத்துவமனைப் பிரசவத்தைக் கண்டு பெண்கள் அஞ்சுவதை அறியாமை என்று தள்ளிவிடுவது பெரும் பிழை. லேபர் வார்டுக்குப் போய்வந்த அக்காளும் அண்ணியும் தாழ்ந்த குரலில் சொன்னவற்றிலிருந்துதான் அந்த அச்சம் பிறக்கிறது. பிள்ளை உண்டானபோது கத்தினாயா, இப்போது மட்டும் ஏன் கத்துகிறாய் என்று வலியின் உச்சத்தில் கேட்கப்பட்ட பெண்ணுக்கு, மருத்துவமனையே பாதுகாப்பான இடம் என்று விளம்பரப் பலகை வைத்துப் புரியவைக்க முடியாது.

இந்த அச்சத்துக்கான மருந்துகளில் மிக எளியதும், மிக மலிவானதும், மிக உறுதியாக மெய்ப்பிக்கப்பட்டதும் ஒன்று உண்டு: பிரசவத் துணை, அதாவது வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்லி அருகிலேயே இருக்கும் ஒரு மனிதர். குவாதமாலாவில் நடந்து 1980இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் அறியாத, மருத்துவப் பயிற்சி இல்லாத ஒரு பெண் துணையிருந்த தாய்மார்களுக்கு, சேர்க்கையிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை சராசரியாக ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவாகவே பிடித்தது. துணையற்றவர்களுக்கு அது பத்தொன்பது மணி நேரத்தைக் கடந்தது. ஆய்வு சிறியது என்று மறுப்போருக்கு, 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உட்படுத்திய 26 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டு மீளாய்வு விடை தருகிறது: தொடர்ந்த துணை கிடைத்தவர்களுக்கு இயல்பான பிரசவம் கூடியது, சிசேரியனும் ஆயுதப் பிரசவமும் குறைந்தன, வலி நேரம் சுருங்கியது, பிரசவத்தைக் கசப்போடு நினைவுகூர்வோர் குறைந்தனர், தீங்கு எதுவும் காணப்படவில்லை.

இதன் காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. கருப்பையைச் சுருங்கி விரியச் செய்வது ஆக்சிடோசின் என்ற இயக்குநீர். அச்சமும் தனிமையும் அவமானமும் மிகும்போது சுரக்கும் அட்ரீனலின் அதன் வேலையைத் தடுத்து வலியை மந்தமாக்குகிறது. பிறகு வலி வரவில்லை என்று சொல்லிச் செயற்கை ஆக்சிடோசினை, அதாவது வார்டுகளில் வலி ஊசி என்று சொல்லப்படுவதை, குளுக்கோஸில் கலந்து ஏற்றுகிறார்கள். இப்படிப் பார்த்தால், சில பெண்களுக்கு முதலில் அச்சம் கொடுக்கப்பட்டு, அந்த அச்சத்துக்கே பிறகு ஊசியும் போடப்படுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று வழக்கம் வகுத்த சமூகம் இந்த உண்மையை இயக்குநீரின் பெயர் தெரியாமலே அறிந்திருந்தது. வளையல் அடுக்கி மகளை அழைத்துவந்து மாதக்கணக்கில் பார்த்துக்கொண்ட அந்தத் தாய், மகளுக்குத் தான் மிகவும் வேண்டியிருக்கும் நேரத்தில் லேபர் வார்டு வாசலிலேயே நிறுத்தப்படுவதைப் போன்ற முரண்பாடு வேறில்லை.

இது சட்டத்துக்கோ விதிக்கோ உட்பட்டு நடப்பதும் அன்று. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004லேயே கொண்டுவந்தது. பெண் உறவினர் ஒருவரையும், தனிமறைவு உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று 2016இல் நடுவண் அரசு வழிகாட்டியது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017இல் தொடங்கப்பட்ட லக்‌ஷ்யா திட்டமும் இதை வலியுறுத்துகிறது. ஆணைகள் இவ்வளவு இருந்தும் வாசலில் ‘உள்ளே வராதே’ என்ற சொல் ஒலிக்குமானால், குறை காகிதத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது. தொற்று வரும் என்பது முதல் சாக்கு: கை கழுவி, சுத்தமான மேலங்கி அணிந்த ஒரு தாயால் வரும் தொற்று, அந்த அறைக்குள் நாள் முழுதும் நுழைந்து வெளியேறும் இத்தனை பேரால் வராதா? மற்ற பெண்களின் மானம் கெடும் என்பது அடுத்தது: அது கட்டில்களுக்கிடையே திரை கட்டாததன் குற்றமே தவிர, துணைக்கு வந்தவரின் குற்றம் அன்று. உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பது கடைசி. உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்த்தவர்களைவிட, மூடிய கதவுக்கு வெளியே மணிக்கணக்கில் எதுவும் தெரியாமல் நின்றவர்களே எளிதில் சினம் கொள்வார்கள்.

தனிமைக்கு அடுத்தபடியாகப் பெண்களை வாட்டுவது கடிகாரம். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்ற கணக்கு, 1955இல் நியூயார்க்கில் இம்மானுவேல் ஃபிரீட்மன் என்ற மருத்துவர் 500 தலைப்பிரசவப் பெண்களின் வலிப்போக்கை வரைந்து காட்டிய கோட்டிலிருந்து வேர்கொண்டது. எல்லாப் பெண்களின் உடலும் அந்த வேகத்தில் இயங்குவதில்லை என்றும், வேகமான கட்டம் ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகே தொடங்குகிறது என்றும், தாயும் சேயும் நலமாக இருக்கையில் அந்தக் கோட்டை மட்டும் காட்டித் தலையிடக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் தெளிவாக்கிவிட்டன. வழக்கமாகக் கொடுக்கப்படும் எனிமா, வழக்கமாகச் செய்யப்படும் மழிப்பு, பிறப்புவாயில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்கப்படும் கத்தரி வெட்டு, வயிற்றை மேலிருந்து அமுக்குதல் ஆகிய எதையும் அவை ஏற்கவில்லை. மல்லாக்கப் படுக்கவைக்கும்போது கருப்பையின் பாரம் பெருஞ்சிரையை அழுத்துகிறது; நடக்கவும், உட்காரவும், குந்தவும், பக்கவாட்டில் சாயவும் விரும்பும் பெண்ணைக் கட்டிலில் கிடத்துவது பார்ப்பவரின் வசதிக்காகவே.

சிசேரியன் எத்தனையோ உயிர்களை மீட்ட சிகிச்சை. அதைத் தேர்ந்தவளையும் அது தேவைப்பட்டவளையும் வலி தாங்காதவள் என்று பழிக்கும் நாக்கு இந்த மேடையின் ஆதரவை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மாநிலத்தில் முந்தைய தேசியக் குடும்பநல ஆய்வில் 34.1 விழுக்காடாக இருந்த சிசேரியன், சில ஆண்டுகளுக்குள் ஐந்தாவது ஆய்வில் 44.9 விழுக்காடாகி, தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காட்டை எட்டியிருப்பதற்குப் பெண்களின் உடல் காரணமாக இருக்க முடியாது. துணையின்றி அஞ்ச வைத்து, கடிகாரத்தைக் காட்டி மிரட்டி, இனித் தாங்காது என்ற நிலைக்குத் தள்ளிவிட்டுக் கையெழுத்து வாங்கினால் அதற்குச் சம்மதம் என்று பெயரில்லை. காரணமும் மாற்றும் விளைவும் அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டு, அவள் யோசித்துத் தந்த ஒப்புதலே சம்மதம்.

ஒரே இரவில் பல கட்டில்களுக்கு ஓடும் ஸ்டாஃப் நர்ஸை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அரசு தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஆள் பற்றாக்குறையில் கனிவு முதலில் சாகிறது. இயல்பான பிரசவங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் பயிற்சிபெற்ற மருத்துவச்சிச் செவிலியர்களை உருவாக்க நடுவண் அரசு 2018இல் வகுத்த நெறிமுறைகள், ஒவ்வொரு பிரசவ நிலையத்திலும் பணியிடங்களாக மாறியாக வேண்டும். வீடு திரும்பும் ஒவ்வொரு தாயிடமும், துணை இருந்ததா, யாரேனும் ஏசினார்களா, கேட்டுத்தான் செய்தார்களா என்ற மூன்று கேள்விகளை அந்த வார்டைச் சேராத ஒருவர் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தத்தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அடுத்த முறை போகும்போது, பளிங்குத் தரையையும் பெயர்ப் பலகையையும் பார்த்துத் திரும்பாமல், பிரசவக் கட்டிலின் தலைமாட்டில் துணைக்கு வந்தவர் உட்கார ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், அது போடப்படும்வரை அங்கிருந்து நகரக் கூடாது.