வளரும் பிள்ளையும் தாங்கும் கைகளும்: கருத்தரங்கத் தலைமை உரை

பிள்ளைப் பருவப் பிணைப்பையும் வளரிளம் பருவத்தின் சவால்களையும் ஆராயும் இந்த அவைக்குத் தலைமை ஏற்கும்படி என்னை அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

நாம் கூடியிருக்கும், பெங்களூரின் இந்தப் பிரேசர் டவுன் ஒரு கொள்ளை நோயின் விளைவாகப் பிறந்த ஊர். 1898-இல் ரயில் வழியே பெங்களூருக்குள் பிளேக் புகுந்தது. ராணுவக் குடியிருப்புப் பகுதியான கண்டோன்மென்ட்டின் நெருக்கமான சந்துகளில், காற்றும் வெளிச்சமும் எட்டாத வீடுகளில் மக்கள் மாண்டார்கள். ஆனால் அந்த நோயின் முடிவில் ஒரு நல்ல அறிவு பிறந்தது. நோய் தனி வீட்டின் விவகாரமாக மட்டும் இருக்க முடியாது என்று கண்டு, தெருக்களை அகலமாக்கி, வீடுகளுக்கு இடையே வெளி விட்டு, 1910-இல் புதிய குடியிருப்பை அமைத்தார்கள். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அதற்கு இட்டார்கள். இன்று அரசு ஏட்டில் அது புலிகேசி நகர்.

உடல் நலத்தில் நூறாண்டுக்கு முன்பே வந்த அந்த அறிவு, நம் பிள்ளைகளின் மன நலத்தில் இன்னும் வரவில்லை என்பதே என் கவலை. பதினான்கு வயதுப் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டால், பேச மறுத்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், 'வளர்ப்பு சரியில்லை' என்கிறோம். அந்தப் பழி பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் ஒரே கருத்து. வளரிளம் பிள்ளையின் துயரம் ஒரு தாயின் குறை அல்ல. ஊர் கூடி ஏற்க வேண்டிய பொறுப்பு.

இந்தப் பழி எப்படி வந்தது என்று பார்ப்போம். லண்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, உலக நலவாழ்வு நிறுவனத்துக்காக 1951-இல் ஓர் அறிக்கை எழுதினார். வீடற்ற குழந்தைகளைப் பற்றிய அறிக்கை அது. தொடர்ந்து உடனிருந்து அன்பு காட்டும் தாயோ, தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் ஒருவரோ இல்லாவிட்டால் குழந்தையின் மனம் காயப்படும் என்றார் அவர். அடுத்த ஆண்டு அவருடைய சகா ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையைப் படம்பிடித்துக் காட்டினார். பிள்ளைகள் வார்டில் பெற்றோர் உடன் தங்கும் உரிமைக்கு இவர்கள் உழைப்பு வழி திறந்தது. இதற்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்த அறிக்கையைப் படித்தவர்களில் பலர் 'தாய்' என்பதைப் பிடித்துக்கொண்டு, 'தாயின் இடத்தில் நிற்பவர்' என்பதை விட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்கள்.

பௌல்பியோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த், 1954-இல் உகாண்டாவுக்குப் போனார். கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களின் கைக்குழந்தைகளை வீடு வீடாகச் சென்று கவனித்தார். தாய் கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் குழந்தை தைரியமாகத் தவழ்ந்து அகன்று போகும். பயந்தால் திரும்பி ஓடிவரும். அணைப்பு கிடைத்ததும் மீண்டும் புறப்படும். பிணைப்பு குழந்தையைக் கட்டிப்போடுவதில்லை, வெளியே போகத் துணிவு தருகிறது என்பதை அவர் அங்கே கண்டார்.

குழந்தை அகன்று போகத் துணியும் இந்த வயதை நம் பிள்ளைத்தமிழ் இலக்கியம் நன்றாக அறிந்திருந்தது. ஓராண்டை ஒட்டிய வருகைப் பருவத்தில், தளர்நடையிடும் குழந்தையை வா வா என்று அழைக்கும் பாடல்கள் அதில் உண்டு. பிணைப்பை அளக்க எய்ன்ஸ்வொர்த் பின்னாளில் பால்டிமோரில் வகுத்த புகழ்பெற்ற ஆய்வுமுறையும் இதே வயதைத்தான் எடுத்துக்கொள்கிறது. இருந்தும், 1988-இல் 8 நாடுகளில் அந்த முறையில் நடந்த 32 ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டபோது அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. பாட்டி குளிப்பாட்டி, அத்தை சோறூட்டி, அக்கா இடுப்பில் சுமந்து வளரும் பிள்ளையின் பிணைப்பு அந்தக் கணக்கில் சேரவில்லை.

இனி வளரிளம் பருவத்துக்கு வருகிறேன். தவழும் குழந்தை செய்ததைத்தான் பதின்ம வயதுப் பிள்ளையும் செய்கிறது. தூரம் மட்டும் கூடியிருக்கிறது. நண்பர்கள், காதல், மதிப்பெண், கைப்பேசி என்று அது அகன்று போகிறது. போவது இயல்பு. அடிபட்டுத் திரும்பும்போது கதவைத் திறக்க ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்கள் வாழ்வில் அக்கறையுள்ள பெரியவர் ஒருவராவது இருந்தார். சிலருக்குத் தாத்தா பாட்டி, சிலருக்கு ஆசிரியர், சிலருக்கு அண்டை வீட்டார்.

ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வும் இதையே உறுதி செய்கிறது. ஆதரவற்றோர் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களிடம் பிணைப்பு நன்றாகத் துளிர்த்தது. பெற்ற தாய் இல்லாமலே அது துளிர்த்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊருக்குத் திரும்புவோம். கோலார் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபின், தங்கவயல் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் விடியலுக்கு முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். இந்தப் பகுதியை ஒட்டிய தண்டவாளத்தில்தான் அந்த வண்டிகள் ஓடுகின்றன. அவர்கள் புறப்படும்போதும் பிள்ளை தூங்குகிறது, திரும்பும்போதும் தூங்குகிறது. இங்கேயே குடியிருக்கும் குடும்பங்களில் பாட்டி வேலூரிலோ கிருஷ்ணகிரியிலோ தங்கிவிட்டார். இவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. நேரமும் துணைக் கைகளும்தான் குறைந்திருக்கின்றன.

மொழியும் இதில் சேருகிறது. இந்தத் தெருக்களின் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது, பள்ளியில் ஆங்கிலம். பல மொழி அறிவு பெரும் செல்வம். ஆனால் தன் மனக்கலக்கத்தைச் சொல்லும் சொற்களைப் பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் கற்றிருந்து, தாய் தமிழ் மட்டும் அறிந்திருந்தால், இருவரும் ஒரே கூரையின் கீழ் பேச வழியின்றித் தவிக்கிறார்கள்.

பாதிப்பு சிறிதல்ல. 2015-16-இல் நம் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்தது; பெருநகரங்களில் 13.5 விழுக்காடு. 2022-இல் இந்நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. இந்த அவையில் யாருக்கேனும், யார் வீட்டிலேனும் அத்தகைய கலக்கம் இருந்தால் தயங்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகலாகத் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

ஆகவே இந்தக் கருத்தரங்கிடம் மூன்று பணிகளை ஒப்படைக்கிறேன்.

முதலாவது, நம் வீடுகளில் ஒரு பிள்ளையை உண்மையில் யார் யார் தாங்குகிறார்கள் என்று ஆராயுங்கள். தாயை மட்டும் அளக்கும் வினாத்தாளை நம் குடும்பங்களில் அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

இரண்டாவது, தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் இளையோர் தம் துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தொகுங்கள். ஆலோசகர் பயிற்சி அந்தத் தொகுப்பிலிருந்து தொடங்கட்டும்.

மூன்றாவது, இருக்கும் சட்டங்களுக்கு உயிர் கொடுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பணித்தது. நம் பகுதியில் எத்தனை ஆலைகளில் காப்பகம் இருக்கிறது, எத்தனை பள்ளிகளில் ஆலோசகர் இருக்கிறார் என்று நாமே கணக்கெடுத்தால் என்ன? ஆறு வயது வரை அங்கன்வாடி பார்க்கிறது. அதன்பின் பள்ளி, மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறது. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு ஆசிரியருக்கும் அண்டை வீட்டாருக்கும் நமக்கும் உண்டு.

இங்கே கட்டுரை வாசிக்கப்போகும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் முடிவுரையில் பெற்றோருக்கான அறிவுரையோடு நிறுத்தாதீர்கள். பள்ளி என்ன செய்ய வேண்டும், முதலாளி என்ன செய்ய வேண்டும், மாநகராட்சி என்ன செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பின்வரிசையில் உள்ள மாணவர்களை முன்னே அழைத்து, அவர்கள் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது அவர்களைப் பற்றிய அவை. அவர்கள் குரல் இல்லாமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறக் கூடாது. இந்த உறுதியோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.