ஆசைக்குத் தேதி குறியுங்கள்!

(தலைப்பு: சுற்றுலாவில் பெரிதும் இன்பம் தருவது திட்டமிட்டுச் செல்வதா? திடீரென்று கிளம்புவதா? 'திட்டமிட்டுச் செல்வதே' அணியில் ஆற்றிய உரை)



நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் எதிரணி நண்பர் அருமையாகப் பேசினார். "பையைத் தூக்கு, பஸ்ஸைப் பிடி, அதுதான் பயணம்" என்று முழங்கினார். கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் அவர் கையிலே என்ன இருந்தது, கவனிச்சீங்களா? நாலு பக்கம் குறிப்பு! திடீரென்று கிளம்புவதே இன்பம் என்று பேசுவதற்கு, ஒரு வாரமாகத் திட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்! (சிரிப்பு) என் கட்சிக்கு முதல் சாட்சி அவர்தான்.

நானும் திடீர்ப் பயணம் போனவள்தான் அய்யா. ஒரு மே மாதம், சனிக்கிழமை மத்தியானம். எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கை கழுவினார். "கிளம்பு, கொடைக்கானல் போவோம்" என்றார். "ரூம்?" என்றேன். "போற இடத்துல பாத்துக்கலாம்" என்றார். போனோம். போற இடத்துல பார்த்தோம். என்ன பார்த்தோம்? ரூம் இல்லை என்கிற பலகையை ஒவ்வொரு வாசலிலும் பார்த்தோம்! (சிரிப்பு) ராத்திரி முழுக்க வாடகைக் காரிலே, மாமியார் முன் சீட்டிலே, நாங்கள் பிள்ளையை மடியிலே போட்டுப் பின் சீட்டிலே. போர்வை ஒன்று, ஆள் அஞ்சு. விடிஞ்சதும் எங்க வீட்டுக்காரர் சொன்னார்: "என்ன அனுபவம் பாத்தியா!" அனுபவம்தான். இன்பமா? அதுதானே இன்றைய கேள்வி!

இன்னொன்றையும் இங்கே சொல்லியாகணும். திடீரென்று கிளம்புவது யாராலே முடியும்? சட்டையை மாட்டினால் கிளம்பிவிடக் கூடியவராலே முடியும். வீட்டிலே இருக்கிற பெண்ணாலே முடியுமா? பால்காரரிடம் சொல்லணும். ஊற வைத்த உளுந்தை என்ன செய்வது? கொடியிலே காய்கிற துணி? சாவியை யாரிடம் கொடுப்பது? பெரியவங்களுக்கு மாத்திரை இருக்கா? இத்தனையும் அவள் தலைக்குள்ளே ஓடும்போது, அவர் வாசலிலே நின்று, "இன்னுமா கிளம்பலை?" என்பார். அவருடைய திடீர், இவளுடைய திண்டாட்டம்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இனி நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

எங்க அப்பா தபால் ஆபீசிலே குமாஸ்தா. அவரோடு படித்த நண்பர் ஒருவர் அந்தமானுக்கு வேலைக்குப் போனார். வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவார். சென்னையிலே கப்பல் ஏறினால் மூன்று நாள். அங்கே கடல் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, மயில் கழுத்து நிறம். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் படகிலே போய்க் காய்கறி வாங்கி வருகிறார்கள். இப்படியெல்லாம் எழுதுவார். அப்பா திண்ணையிலே உட்கார்ந்து அதை உரக்கப் படிப்பார். அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாங்க. படித்து முடித்ததும் அப்பா சொல்வார்: "ஒருநாள் நாம ரெண்டு பேரும் கிளம்பிப் போயிடுவோம்."

ஒருநாள்! எந்த ஒருநாள்? பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்றார். ஆச்சு. ஓய்வு பெறட்டும் என்றார். பெற்றார். பேரன் பிறக்கட்டும் என்றார். பிறந்தான். எல்லாம் நடந்தது. அந்த ஒருநாள் மட்டும் வரவில்லை. 2016இலே அப்பா போய்விட்டார். அப்பாவுக்கு ஆசை இருந்தது. பணம்கூடக் கொஞ்சம் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். தேதி!

அதனாலே 2022 ஜூலையிலே நான் முடிவு செய்தேன். அம்மாவுக்கு அப்போது 74 வயது. "அம்மா, வர்ற ஜனவரி 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாம அந்தமான் போறோம்" என்றேன். அம்மா நம்பலை. காலண்டரிலே வட்டம் போட்டுக் காட்டினேன். அப்புறம்தான் நம்பினாங்க.

எப்படித் திட்டமிடுவது? நான் தமிழ் படித்தவள். எனக்குத் தெரிந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவர்தான். அவர் பெயர் திருவள்ளுவர்! (சிரிப்பு) சிரிக்காதீங்க. பொருட்பாலை எடுத்துப் பாருங்க. 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. 48 வலியறிதல். 49 காலமறிதல். 50 இடனறிதல். அரசனுக்குச் சொன்னதுதான். ஆனால் முதல்முதலாகத் தீவுக்குப் போகிற குடும்பத்துக்கும் அந்த வரிசை அப்படியே பொருந்துகிறது.

முதலிலே வலியறிதல். நம்ம பலம் என்ன? அம்மாவுக்கு மூட்டு வலி. எனக்கு லீவு ஏழு நாள். எங்க வீட்டுக்காரருக்குப் படகு ஆடினால் தலை சுத்தும். இதுதான் எங்கள் படைபலம்! (சிரிப்பு) அங்கே இருப்பதோ ஐந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள். மனிதர் குடியிருப்பது நாற்பதுக்கும் குறைவான தீவுகளிலே. முதல் தடவை போகிறவர் செய்யும் பெரிய தவறு, ஏழு நாளிலே ஏழு தீவு பார்க்கலாம் என்று நினைப்பது. அப்படிப் போனால் தீவைப் பார்க்க மாட்டீர்கள், படகுத் துறையைத்தான் பார்ப்பீர்கள். நாங்கள் மூன்றோடு நிறுத்தினோம். தலைநகர் போர்ட் பிளேர், அப்புறம் ஹேவ்லாக், அப்புறம் நீல். தலைநகருக்கு 2024 செப்டம்பரிலே ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். மற்ற இரண்டுக்கும் 2018 டிசம்பரிலேயே ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவு என்று பெயர் வைத்தாச்சு. 1943 டிசம்பர் 30ஆம் தேதி போர்ட் பிளேரிலே நேதாஜி கொடியேற்றிய நினைவாக வந்த பெயர்கள் அவை.

அடுத்தது காலமறிதல். மே மாதத்திலிருந்து அங்கே மழைக்காலம், கடல் கொந்தளிக்கும். கோடை விடுமுறைதானே என்று கிளம்பினால் ஜன்னல் வழியாக மழையைத்தான் பார்க்கணும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். சரி, மாதம் தெரிஞ்சால் போதுமா? மணியும் தெரியணும். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரத்திலே இருக்கிறது. ஆனால் கடிகாரம் நம்ம கடிகாரம்தான். அதனாலே ஜனவரியிலே ஐந்தரை மணிக்குள்ளே சூரியன் மறைந்துவிடும். ஹேவ்லாக்கிலே ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது, சூரியன் மறைவதற்குப் பேர் போனது. நம்ம ஊர் வழக்கப்படி டீ குடிச்சிட்டு ஆறு மணிக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம்! நீல் தீவிலே கடலே குடைந்து செய்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. கடல் நீர் வற்றுகிற நேரத்திலேதான் அதன் பக்கம் போக முடியும். அந்த நேரம் நாளுக்கு நாள் மாறும். கடல் நமக்காகக் காத்திருக்குமா? நாம்தான் அதன் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இடனறிதல். தேருக்கு நிலம், கப்பலுக்குக் கடல் என்று இடத்தைப் பிரித்துக் காட்டியவர் வள்ளுவர். தீவுப் பயணத்திலே வண்டிக்கணக்கு செல்லாது, படகுக்கணக்குதான் செல்லும். ஊருக்குள்ளே ஒரு பஸ் போனால் அடுத்த பஸ். அங்கே படகு போனால் போனதுதான். அதனாலே முதலிலே படகு நேரம், அதற்கேற்ப அறை. விமானம் இறங்குகிற அன்றைக்கே அவசரமாகப் படகு ஏறக் கூடாது. போகக் கூடாத இடம் எது என்பதும் இடனறிதல்தான். ஜாரவா மக்களும் சென்டினல் தீவு மக்களும் வாழும் பகுதிகள் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி பாதுகாக்கப்பட்டவை. அவர்கள் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்ப்பது சுற்றுலா இல்லை. கரையிலே கிடக்கும் பவளத் துண்டு ஒன்றைப் பேரனுக்கென்று பையிலே போடுவதும் கூடாது. சட்டம் விடாது.

இப்படி ஒரு தாளிலே எழுதினேன். முதல் நாள் தலைநகர். இரண்டு ராத்திரி ஹேவ்லாக். ஒரு ராத்திரி நீல். ஐந்தாம் நாள் தலைநகருக்குத் திரும்புவது. ஏழாம் நாள் விமானம். ஆறாம் நாளுக்கு நேரே ஒன்றும் எழுதலை. எங்க வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன, ஒருநாள் காலியா இருக்கு?" "அது கடலுக்கு" என்றேன்.

அந்த ஆறு மாதம் எங்க வீட்டிலே நடந்ததைச் சொல்லணும். அம்மா பேரனுடைய பழைய பள்ளிக்கூட அட்லஸிலிருந்து அந்தமான் படத்தைப் பார்த்து வரைந்து, அடுப்படிச் சுவரிலே ஒட்டினாங்க. காலையிலே மொட்டை மாடியிலே பத்து நிமிஷம் நடக்க ஆரம்பிச்சாங்க. பத்து, இருபதாச்சு. "படகுலே ஏறணும்ல, கால் வேணும்ல" என்பாங்க. காலண்டர் தாளை யாரும் கிழிக்க விடமாட்டாங்க, அவங்கதான் கிழிப்பாங்க. அப்பா போன பிறகு அம்மா நாளை எண்ணினதை அப்போதுதான் பார்த்தேன் அய்யா. ஏழு நாள் பயணம், ஆறு மாத இன்பம்! எதிரணி நண்பர்களே, திடீர்ப் பயணத்திலே இந்த ஆறு மாதம் எங்கே கிடைக்கும்? (கைதட்டல்)

போனோம். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அப்பாவின் நண்பருக்கு மூன்று நாள்! செல்லுலார் சிறையைப் பார்த்தோம். 1896இலே தொடங்கி 1906இலே கட்டி முடித்த சிறை. ஏழு கைகளாக விரிந்திருந்தது, இன்று மூன்றுதான் மிச்சம். அம்மா படியேறலை, முற்றத்திலேயே கும்பிட்டு நின்றாங்க. ஹேவ்லாக் போகிற படகிலே நடுப்பகுதியிலே இடம் கேட்டு வாங்கினோம், அங்கேதான் ஆட்டம் குறைவு. எங்க வீட்டுக்காரர் தப்பித்தார்.

நீல் தீவிலே இறங்கியதும் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். கரைக்குப் பெயர் லட்சுமண்பூர், பரத்பூர், சீதாபூர். ஊருக்குப் பெயர் ராம்நகர். நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்திய தீவு அது. "ஏம்மா, அயோத்தி பூராவும் இங்கதான் இருக்கா?" என்றாங்க. பரத்பூரிலே கண்ணாடி பதித்த படகிலே உட்கார்ந்து, காலுக்குக் கீழே பவளப் பாறையையும் மீனையும் பார்த்தாங்க. மூட்டு மடங்காமலே கடலடியைப் பார்த்துவிட்டாங்க!

ராமாயணம் என்றதும் நினைவு வருகிறது. திடீரென்று தீவுக்குத் தாவியவர் அனுமன். என்ன ஆச்சு? வாலிலே தீ வைத்தார்கள்! ராமபிரான் அணை கட்டித் திட்டமிட்டுப் போனார். சீதையை மீட்டுக்கொண்டு வந்தார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஐந்தாம் நாள் காலை. துறைக்குப் போனால், காற்று பலமாக இருக்கு, இன்றைக்குப் படகு இல்லை என்றார்கள். அங்கே புதுசாகக் கல்யாணமான ஒரு பிள்ளையும் பெண்ணும் நின்றார்கள். மறுநாள் காலையிலே அவர்களுக்கு விமானம். அந்தப் பெண் அழுதேவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தாளைக் காட்டினேன். ஆறாம் நாள், காலி! "கடல் கேட்டிருச்சு, கொடுத்திட்டேன்" என்றேன். தங்கின இடத்திலேயே இன்னொரு ராத்திரிக்குச் சொல்லிவிட்டு மணலிலே போய் உட்கார்ந்தோம்.

அன்றைக்குப் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. நானும் அம்மாவும் மட்டும். ரொம்ப நேரம் பேசாமலே இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "அந்த ஆளு எழுதினது சரிதான். மயில் கழுத்து நிறம்தான்." கொஞ்ச நேரம் கழித்து: "உங்க அப்பா அத்தனை தடவை 'ஒருநாள் போவோம்'னு சொன்னாரே... நான் ஒரு தடவைகூட 'எந்தத் தேதி'ன்னு கேக்கவே இல்லையேம்மா."

நடுவர் அவர்களே, எனக்குப் பதில் தெரியலை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எதிரணி நண்பர்கள் சொல்கிறார்கள், திட்டம் போட்டால் எதிர்பாராத இன்பம் வராது என்று. அந்த ஆறாம் நாளை யார் எதிர்பார்த்தது? அது திடீரென்று வந்த நாள்தான். ஆனால் அதைத் தாங்குவதற்கு ஒரு காலி நாளை ஒதுக்கி வைத்தது யார்? திட்டம்! திட்டம் இல்லாதவருக்கு அதே காற்று, அதே கடல், கண்ணீராகப் போனது. திட்டம் இருந்தவருக்கு, நாற்பது வருஷமாகச் சொல்லாத ஒரு சொல்லை அம்மா சொல்லுகிற நேரமாக ஆனது.

தாய்மார்களே, பெரியோர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலே யாரோ ஒருவர் "ஒருநாள் போவோம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவரிடம் "எந்தத் தேதி?" என்று கேளுங்கள். காலண்டரிலே வட்டம் போடுங்கள். தீவாக இருந்தாலும் சரி, திருச்செந்தூராக இருந்தாலும் சரி. ஆசை எல்லோருக்கும் இருக்கிறது அய்யா. அந்த ஆசைக்குத் தேதி குறிப்பதற்குப் பெயர்தான் திட்டம்.

ஆகவே, சுற்றுலாவிலே பெரிதும் இன்பம் தருவது திட்டமிட்டுச் செல்வதே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டுமென நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.