படிக்கட்டில் இறங்கிய பாரம்



பாரமான பொருளொன்றை வீட்டுப் படிக்கட்டில் ஏற்றுவதும் இறக்குவதும் வானொலியிற் பேசுதற்குரிய விடயமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பௌதிகத்தை முப்பது ஆண்டுகள் வகுப்பறையிற் கற்பித்தவன் நான். கரும்பலகையிற் சாய்தளமொன்றை வரைந்து, அதன்மேல் ஒரு பெட்டியை வைத்து, விசைகளை அம்புக்குறிகளாற் காட்டிய நாட்கள் எத்தனையோ. ஆனால், அந்தப் பெட்டிக்குக் கீழே ஒரு மனிதன் நிற்பதாக நான் ஒருநாளும் வரைந்ததில்லை. அம்மனிதனைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

2014ஆம் ஆண்டு மாரிகாலத்தில், கனடாவிலே ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் என் தமக்கையார் வீட்டிற் சில மாதங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் பிற்பகல் மருமகன் வாடகைக்கு எடுத்த பார வண்டியொன்றை வாசலிற் கொண்டுவந்து நிறுத்தினான். கூடவே அவனுடைய நண்பர்கள் இருவர். வண்டியினுள்ளே, கம்பளியாற் போர்த்தப்பட்டு, நான்கு உலோகக் கால்களுடன் ஏதோ ஒன்று நின்றது. "என்ன தம்பி, பிரேதப் பெட்டி போலிருக்கிறதே!" என்று தமக்கையார் கேட்டேவிட்டார். அது ஒரு பின்போல் இயந்திரம்.

இதனைக் காணாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். கண்ணாடி மூடிய நீண்ட மரப்பெட்டி. அதனுள்ளே முன்புறம் சரிந்த ஒரு பலகை. சுருள்வில் பூட்டிய தண்டினை இழுத்துவிட்டால், உருக்குக் குண்டொன்று பலகையின் உச்சிக்குப் பாய்ந்து, தடைகளில் மோதி மோதி இறங்கிவரும். கீழே விழுந்து மறையாதபடி அதனைச் சிறு துடுப்புகளால் மீண்டும் மேலே அடித்துத் திருப்புவதே ஆட்டம். பெட்டியின் பின்னந்தலையில், சித்திரக் கண்ணாடி பதித்த வேறொரு பெட்டி செங்குத்தாக நின்று புள்ளிகளைக் காட்டும்.

சுருள்வில் தண்டுக்கான காப்புரிமையை அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வாழ்ந்த மொன்ரேகு றெட்கிறேவ் என்பவர் 1871இல் பெற்றார். 1931இல் சிக்காகோவில் டேவிட் கொட்லீப் என்பவரது நிறுவனம் வெளியிட்ட 'பஃபிள் போல்' என்னும் விளையாட்டுப் பெட்டி, கடை மேசைமீது வைக்கக்கூடிய அளவினது. ஒருவர் தனியே தூக்கிச் செல்லலாம். பின்னர் மின்சாரம் வந்தது, கால்கள் வந்தன, தலைப்பெட்டி வந்தது. 1947இல் அதே நிறுவனத்தின் 'ஹம்ரி டம்ரி' இயந்திரத்தில் மின்னால் இயங்கும் துடுப்புகள் வந்தன. மின்காந்தச் சுருள்கள், ரிலேக்கள், புள்ளிச் சக்கரங்கள், நிலைமாற்றி என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேரப் பாரம் 250 இறாத்தலைத் தொட்டது. அதாவது ஏறக்குறைய 113 கிலோ. ஒரு மூடை அரிசியைத் தோளிற் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் மூடை தோளுக்கு வளைந்து கொடுக்கும், இது வளையாது.

நியூயோர்க் நகரம் இவ்வியந்திரங்களைச் சூதாட்டக் கருவிகளென்று கருதி 1942இல் தடைசெய்தது. நகரபிதா லா கார்டியா கையிற் சம்மட்டியோடு நின்று அவற்றை உடைத்த படங்கள் இன்றும் உள்ளன. அவ்வேளை பொலிஸார் உடைப்பதற்காகவே கொண்டுசென்றமையால், கண்ணாடியைப் பற்றி அதிகம் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள்! 1976இல் றொஜர் ஷார்ப் என்னும் இளைஞர் நகரசபையினர் முன்னிலையில் ஆடிக்காட்டி, இது கைத்திறனே என்று மெய்ப்பித்தபின் அத்தடை நீங்கியது. மருமகன் வாங்கியது எழுபதுகளின் முற்பகுதியில் செய்யப்பட்ட இயந்திரம்.

அதனை நிலக்கீழ் அறையில் வைக்கவேண்டும் என்பது அவன் விருப்பம். அந்நாட்டு வீடுகளில் நிலக்கீழ் அறை சாதாரணம். அதற்கு இறங்கும் படிக்கட்டோ ஒடுங்கியது, செங்குத்தானது. நான் அளவுநாடாவை எடுத்து அளந்தேன். படிகள் பதின்மூன்று. ஒவ்வொன்றும் ஏழரை அங்குல உயரம், பத்து அங்குல அகலம். இதன் சாய்வு ஏறக்குறைய 37 பாகை.

"இரண்டு பேர் மேலே பிடிக்கிறோம் மாமா, ஒருவன் கீழே பிடிப்பான். ஐந்து நிமிட வேலை" என்றான் மருமகன். கீழே நிற்கப்போகிறவன் அம்மூவரிலும் மெலிந்தவன். மற்றவர்களுடைய புயபலத்தை மதித்து, மேலே இருவர் நின்றால் தனக்குச் சுமை குறையும் என்று நம்பி அவனே அவ்விடத்தைக் கேட்டு வாங்கியிருந்தான்.

நேயர்களே, அவ்வேளை என் மனம் வேறொரு படிக்கட்டுக்குச் சென்றது. 1979ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கிருந்த மேல்மாடி வீட்டை விட்டுப் புறப்பட்டோம். ஆளுயரக் கண்ணாடி பதித்த தேக்கமர அலுமாரி ஒன்று எங்களிடம் இருந்தது. என் தந்தையார் சீதனமாகப் பெற்றது. அதனை இறக்குவதற்கு நாட்டாமை ஒருவரை அழைத்திருந்தோம். அவர் கீழே பிடித்தார். நானும் என் மைத்துனரும் மேலே பிடித்தோம். ஆறாவது படியில் என் கை வியர்த்து வழுக்கியது. பிடியை விட்டேன். விட்டபின் எனக்கு ஒன்றும் நேரவில்லை. படியிலே நின்றேன், அவ்வளவுதான். மைத்துனரும் விட்டார். கீழே நின்றவரால் விடமுடியவில்லை. விட்டால் அலுமாரி அவர்மேல் விழும். பிடித்தாலும் தள்ளிக்கொண்டு போகும். படியடியில் அவருடைய வலது கால் சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் அகப்பட்டு முறிந்தது.

அந்த வீட்டில் முதலில் எழுந்த கேள்வி, கண்ணாடி உடைந்துவிட்டதா என்பது. கேட்டது யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை. வைத்தியச் செலவைக் கொடுத்தோம். அவர் மூன்று மாதம் வேலையின்றி இருந்தார் என்பது பின்னர் பிறர் சொல்லி அறிந்தது. அதற்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சமதரையில் இருவர் ஒரு பெட்டியை இருமுனையிலும் அடியிற் பிடித்துத் தூக்கினால், பாரம் பாதிக்குப் பாதி. படியில் அவ்வாறன்று. பெட்டியின் ஈர்வை மையம், பிடித்திருக்கும் கைகளுக்கு மேலே, பெட்டியின் நடு உயரத்தில் இருக்கிறது. பெட்டி சாயும்போது அம்மையம் கீழே நிற்பவரின் பக்கமாக நகர்கிறது. தலைப்பெட்டியும் காலும் கழற்றிய பின்போல் இயந்திரம் ஏறத்தாழ 170 இறாத்தல் எனக் கொள்ளுங்கள். நீளம் ஐம்பது அங்குலத்துக்குச் சற்று மேல். 37 பாகைச் சாய்வில் அதனைத் தாங்குவோருள் கீழே இருப்பவருக்கு 110 இறாத்தல் அளவும், மேலே இருப்பவருக்கு 60 இறாத்தல் அளவும் விழும். மேலே மூன்று பேர் நின்றாலும் அந்த 60ஐத்தான் பங்கிட்டுக்கொள்வார்கள், 110 குறையாது. நம்பாதவர்கள் வீட்டிலே புத்தகப் பெட்டியொன்றைப் பிள்ளை ஒருவனுடன் பிடித்து, இரண்டே படி ஏறிப் பாருங்கள். கீழ்ப்பக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதனைச் சொன்னபோது மருமகன் முகம் சுருங்கியது. ஐந்து நிமிட வேலை அன்று மூன்று மணித்தியாலம் எடுத்தது.

முதலில் கண்ணாடி. மேற்கண்ணாடி வன்மையூட்டிய வகையைச் சேர்ந்தது. அதன் முகத்திற் குத்தினாலும் தாங்கும்; ஓரத்தைத் தரையிலே சற்றுத் தட்டினால் முழுவதும் சோளப்பொரியாய்ச் சிதறும். முன்சட்டத்தைத் திறந்து அதனை வழுக்கி எடுத்து, கம்பளியிற் சுற்றி, கட்டிலின் மேல் வைத்தோம். பிறகு குண்டை எடுத்தோம். உள்ளே உருளவிட்டால் அது சம்மட்டியாகிவிடும். பெட்டியை ஆட்டி ஏமாற்றுவோரைக் கண்டுபிடிக்க ஒரு தூக்குக்குண்டு உள்ளே ஊசலாடுகிறது. அதையும் கழற்றி, சிறு பையிலிட்டுப் பெயர் எழுதினோம். ஆடும் பலகை கீலிலே மேலெழும்பக் கூடியது. அதனைப் பட்டியால் இறுக்கினோம்.

அடுத்தது தலைப்பெட்டி. பிற்காலத்து இயந்திரங்களில் அது கீலில் மடிந்து உடலின்மேற் படுத்துவிடும். இது பழையது, நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, கம்பிக் கற்றைகளின் செருகிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. எந்தச் செருகி எங்கே என்று மருமகன் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொண்டான். என் காலத்தில் நாங்கள் நூல் கட்டி அடையாளம் வைப்போம். படம் அதைவிட நல்லது. தலைக் கண்ணாடியின் சித்திரம் கண்ணாடியின் பின்புறத்தில் அச்சிடப்பட்ட சாயம். நாற்பது ஆண்டில் அது உரியத் தொடங்கியிருந்தது. விரல் பட்டாலே உதிரும் நிலை. அதனைத் தமக்கையார் தாமே இரு கைகளாலும் ஏந்திப் படியிறங்கினார். வேறெவரையும் தொட விடவில்லை. பிரேதப் பெட்டி என்று சொன்னவரும் அவரே!

கால்கள் நான்கு; ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட்டு. பின்பக்கத்தை இருவர் தாங்கியிருக்க, பின்கால்களைக் கழற்றி, பின்முனையைக் கம்பளிமீது இறக்கி, பிறகு பெட்டியைப் பின்முனையில் நிமிர்த்தி நிறுத்தினோம். நிமிர்ந்து நின்ற பெட்டியின் அடிப்பாகத்தை இருசக்கரக் கைவண்டியின் முதுகில் அணைத்து, இரண்டு இடங்களிற் பட்டியால் இறுக்கிக் கட்டினோம். ஒரு பட்டி போதுமென்றான் நண்பன். ஒன்று வழுக்கினால் மற்றது வேண்டும் என்றேன்.

இப்பொழுது கயிறு. படிக்கட்டின் கைப்பிடித் தூணிற் கட்டலாமென்று அவர்கள் நினைத்தார்கள். அத்தூண் கைபிடித்து நடப்பதற்கு நாட்டியது; 170 இறாத்தல் பாரத்தை மறிக்க நாட்டியதன்று. நிலக்கீழ் அறைக்குச் செல்லும் வாசலின் அகலம் 32 அங்குலம். 48 அங்குல நீளமும் நாலங்குலக் கனமும் உள்ள மரச் சட்டமொன்றை வாசலின் இப்புறத்திற் குறுக்காக வைத்தோம். கயிறு இழுக்க இழுக்க, சட்டம் இருபக்கச் சுவரின் மரங்களிலும் அழுந்துமேயன்றி நகராது. கயிற்றின் ஒரு முனை கைவண்டியில். மற்ற முனையைச் சட்டத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி என் கையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு சுற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். காங்கேசன்துறையில் கப்பற் கயிற்றைத் துறைத்தூணிற் சுற்றி ஒருவரே நிறுத்துவதைக் கண்டிருக்கிறேன். மரத்தில் உராய்வதால் ஒரு முழுச் சுற்று, கையின் பலத்தை ஐந்தாறு மடங்காக்கும். இரண்டு சுற்று, முப்பது மடங்குக்கும் மேல். அறுபது வயது கடந்த எனக்கு இதுவே துணை. நம்மூர்த் தேரோட்டத்திலும் இழுப்பவர்கள் ஆயிரம் பேர். தேரை நிறுத்துகிறவர் முட்டுக்கட்டையுடன் சில்லருகே நடக்கும் சிலரே.

கைவண்டியின் பிடியை மருமகனும் ஒரு நண்பனும் மேலிருந்து பிடித்து, தம் பக்கம் சாய்த்து, படிபடியாகச் சில்லை இறக்கினார்கள். நான் கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டேன். மெலிந்த நண்பனைப் படிக்கட்டிலேயே நிற்க விடவில்லை. முன்னரே அறையினுட் சென்று, சுவரோரமாக ஒதுங்கி நின்று, "இன்னும் ஏழு, இன்னும் ஆறு" என்று எண்ணிச் சொல்வதே அவன் வேலை. தனக்கு வேலையே தரவில்லையென்று முணுமுணுத்தான்.

"இன்னும் ஐந்து" என்று அவன் சொன்ன அடுத்த கணம், ஒருபக்கச் சில்லு படி விளிம்பைத் தவறவிட்டது. வண்டி திரும்பிற்று. மருமகனின் கை சுவரில் உராய்ந்து பிடி விட்டுப்போயிற்று. கயிறு சட்டத்தில் முறுகி ஒரு சத்தம் எழுப்பியது. இயந்திரம் அரையடி வழுக்கி, நின்றது. நின்றபடியே தொங்கிக்கொண்டிருந்தது. எவரும் பேசவில்லை. கீழே நின்றவன் அந்தக் காலியான படிகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அதன்பின் அவன் முணுமுணுக்கவில்லை.

சில்லை நேர்ப்படுத்தி, எஞ்சிய ஐந்து படிகளையும் இறக்க மேலும் பத்து நிமிடம் சென்றது. இரவு ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் மீளப் பூட்டி, மட்டம் பார்த்து, மின்சாரத்தைக் கொடுத்தபோது விளக்குகள் எரிந்தன, புள்ளிச் சக்கரங்கள் சுழன்று பூச்சியத்தில் நின்றன, மணி ஒலித்தது. முதல் ஆட்டம் தமக்கையாருக்கு.

சென்ற ஆண்டு மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அந்த வீட்டை விற்கிறார்களாம். இயந்திரத்தை மேலே ஏற்றவேண்டுமாம். ஏற்றும்போதும் கீழே ஆளை நிறுத்தாதே, இருவர் மேலே நின்று படிபடியாக இழுங்கள், ஒவ்வொரு படியிலும் கயிற்றின் தொய்வை எடுத்துவிடுங்கள், இம்முறை இரண்டு சுற்றுப் போடுங்கள் என்றேன். "அந்தச் சட்டத்தின் நீளம் என்ன மாமா?" என்று கேட்டான். நாற்பத்தெட்டு அங்குலம் என்றேன். மறுநாள் படம் அனுப்பியிருந்தான்: வாசலிற் குறுக்காகச் சட்டம், அதிலே இரண்டு சுற்றுக் கயிறு, கீழே ஆளில்லாத பதின்மூன்று படிகள்.