ஆய்வுகூட வாசலில் தமிழ்ப் பிள்ளைகள்



புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் மருத்துவத்துறை என்றதும் வைத்தியரே நினைவுக்கு வருகிறார். அவருக்குப் பின்னால் இயங்கும் ஆய்வுகூடத்தைப் பலரும் அறிவதில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது, இலண்டனிலுள்ள பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனம் வைத்தியசாலைகளுக்கான பரிசோதனைகளைத் தன் ஆய்வுகூடங்களில் நடத்தியது. அதுவரை வேறு ஆய்வுகளில் ஈடுபட்டிருந்த ஆராய்ச்சியாளர்களே அப்பணியில் இறங்கினர்.

பிரித்தானியாவில் பத்தாம் ஆண்டு மாணவர் ஓரிரு வாரம் பணி அனுபவத்துக்குச் செல்வது பல பாடசாலைகளில் வழக்கம். ஆய்வுகூடத்துக்குச் செல்லும் மாணவரின் கையில் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் பிப்பெட் என்னும் நுண்ணளவுக் கருவியே. 100 மைக்ரோலீற்றர் நீரை அளந்து தராசில் இட்டால் 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். கைப்பிழையைத் தராசு உடனே சொல்லிவிடும்!

அடுத்தது கலவளர்ப்பு. 37 பாகை வெப்பத்தில், 5 வீதம் காபனீரொட்சைட்டில் மனிதக் கலங்கள் வளர்கின்றன. அவற்றுக்கு உணவாகும் செந்நிறத் திரவம் மஞ்சளானால், கழிவு சேர்ந்து அமிலத்தன்மை கூடிவிட்டது என்பது பொருள். திரவத்தை மாற்ற வேண்டும். கலங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது.

எனினும், மாணவர் மனத்தில் ஆழப் பதிய வேண்டியது ஆய்வுக் குறிப்பேடே. அதில் பேனாவால் மட்டுமே எழுதலாம். பிழையை அழித்தல் ஆகாது; ஒற்றைக் கோட்டால் வெட்டித் திகதியிட வேண்டும். எதிர்பார்த்த முடிவு வராத பரிசோதனையும் அவ்வாறே பதியப்படும். புள்ளிகளுக்காகவே படித்துப் பழகிய பிள்ளைக்கு, விடை பிழைத்த நாளும் வேலைநாளே என்பதை எந்த ரியூசன் வகுப்பும் காட்டுவதில்லை.

மருத்துவபீட அனுமதி கிடைக்காததால் வாழ்வே முடிந்ததென்று சோரும் இளையோர் பலர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரே உயிரியலைக் கற்கத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் பணியாற்றி, 2009இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆய்வுகூட இடங்கள் பெரும்பாலும் அறிமுகத்தால் கிடைக்கின்றன. பேராசிரியரின் பிள்ளைக்கு அது எளிது. கடையிலோ வாடகைக் காரிலோ இரவுபகலாய் உழைப்பவரின் பிள்ளைக்கு அரிது. இக்குறையைப் போக்கவே நஃபீல்ட் திட்டம் போன்றவை பன்னிரண்டாம் ஆண்டு மாணவருக்குக் கோடைகால ஆய்வு இடங்களை வழங்கி வந்துள்ளன. பாடசாலையின் தொழில் ஆலோசகரிடம் இவைபற்றி முற்கூட்டியே விசாரித்தல் நன்று. விண்ணப்பக் கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும். அதில் வைத்தியராகும் ஆசையை விட, அந்த ஆய்வுகூடம் எந்த நோயை ஆராய்கிறது என்பதை அறிந்து எழுதிய இரண்டு வரிகளே எடுபடும்.